காது முளைத்த காமிராவைத் திருப்பி அனுப்புவது குறித்து

சமாதானபுரம்,
பாளையங்கோட்டை.
டிசம்பர் 4

மதிப்பிற்குரிய கொழுந்தனார் திருவாளர் ஜாபேஸ் அவர்களின் மேலான சமூகத்திற்கு,

தங்கள் தமையனார் காலஞ்சென்ற எலியேசர் அவர்களின் துணைவியும், தங்களுக்கு மதினி முறையாகிறவளுமான சாரம்மாள், ஆண்டவருடைய கிருபையை முன்னிட்டு வரைந்தனுப்பும் மடல். இவ்விடம் நான், என் இடது முழங்கால் நீங்கலாக, சுகம். தாம்பரத்தில் தாங்களும், தங்கள் இல்லத்தரசி பியூலாவும், மாடியில் தாங்கள் தொட்டியில் வளர்க்கும் கறிவேப்பிலையும் அவ்வண்ணமே சுகமாயிருக்க அனுதினமும் ஜெபிக்கிறேன். ஆற்றில் தண்ணீர் போகிறது. வெயில் சற்றே தணிந்திருக்கிறது. மற்றவை பின்வருமாறு.

தாங்கள் அன்புடன் அனுப்பிவைத்த டிஜிட்டல் வீடியோ காமிரா சென்ற மாதம் பழுதின்றி வந்து சேர்ந்தது. அதற்கு முன் தாங்கள் அனுப்பிய மிக்சியும், அதற்கும் முன் அனுப்பிய கால் பிடித்துவிடும் இயந்திரமும், அதற்கும் முன் அனுப்பிய, எதற்கென்று இன்றுவரை எனக்கு விளங்காத வெள்ளைப் பெட்டியும் அவ்வண்ணமே வந்து சேர்ந்தன. இரண்டு ஆண்டுகளுக்கு முன் தங்கள் தமையனாரின் அடக்க ஆராதனைக்கு வந்து சென்றபின், தங்களைத் தவிர மற்ற எல்லாம் இவ்வீட்டுக்குத் தவறாமல் வந்துகொண்டிருக்கின்றன. இதனைக் குறையாக அல்ல, தகவலாகவே தெரிவிக்கிறேன். ஆனால் காமிராவைக் குறித்து, நன்றியோடுகூட, சில குறைகளைத் தங்கள் கவனத்திற்குக் கொண்டுவரவும், அதனை இம்மடலோடு துணி உறையில் தைத்துத் திருப்பியனுப்பும் என் முடிவுக்குரிய காரணங்களை விளக்கவும் கடமைப்பட்டுள்ளேன். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, பின்னர் நூலகத்துப் புத்தக அடுக்குகளையே ஆசிரியராகக் கொண்டு கற்றவள் நான் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். காரணமின்றி நான் எதையும் மறுப்பதில்லை. தொடங்கிய வாக்கியத்தை முடிக்காமல் விடுவதுமில்லை.

முதலாவது, இதற்குச் சாவி இல்லை. உறையைப் பிரித்ததும் நான் தேடியது அதைத்தான். தாங்கள் அறிந்ததே எனினும், மடல் முறையாக அமைய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்: தாயகம் திரும்பிய துரைசானியம்மாள் ஒருவரிடமிருந்து, அந்நாளில் ஓவிய ஆசிரியராயிருந்த தங்கள் தமையனார் பெற்றுக்கொண்ட எட்டு மில்லிமீட்டர் காமிராவின் விலாவில், சுவர்க்கடிகாரத்துக்கு இருப்பது போன்றதொரு சாவி உண்டு. அதை முறுக்கிவிட்டுப் பொத்தானை அழுத்தினால் தையல் இயந்திரத்தின் ஓசையோடு ஓடி, அரை நிமிடத்தில் இளைத்து நிற்கும். அப்போது படம் பிடிக்கிறவரும் மூச்சு விட்டுக்கொள்ளலாம், பிடிக்கப்படுகிறவரும் உள்ளிழுத்த வயிற்றைத் தளர்த்திக்கொள்ளலாம். தாங்கள் அனுப்பியது ஒரு சோப்புக் கட்டியின் கனமே உடையது. இளைப்பதேயில்லை. முறுக்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம் என்கிற ஒரு பொருளை மனிதர் கையில் கொடுப்பது அவ்வளவு உசிதமல்ல என்பது என் கருத்து.

இரண்டாவதாக, சுருள். பழைய காமிராவின் சுருளை ஒரு பக்கம் ஓடி முடிந்ததும் திறந்து, புரட்டி, மறுபக்கம் பிடிக்க வேண்டும். வெளிச்சம் பட்டால் பிடித்த அனைத்தும் வெளுத்துவிடும். ஆதலால் தங்கள் தமையனார் எந்த விசேஷத்துக்குப் போனாலும் ஒரு கறுப்புக் குடையோடு போவார். பாதித் திருமணத்தில் மழையில்லாத ஒரு மூலையில் குடையை விரித்து அதற்குள் குனிந்து உட்கார்ந்துவிடுவார். மாப்பிள்ளை வீட்டார் யாரோ மனக்கசப்பில் உட்கார்ந்திருப்பதாக எண்ணி, ஒருமுறை பெண்ணின் தகப்பனாரே காப்பித் தம்ளரோடு வந்து குடைக்கு வெளியே நின்று சமாதானம் பேசியிருக்கிறார். அந்தப் பழக்கத்தை விட இயலாமல், தாங்கள் அனுப்பிய கருவியின் சிறு கதவைத் திறக்கும்போது நானும் சமையலறையில் அதே குடையை விரித்து, மேலே கம்பளியும் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். அடுத்த வீட்டு ஸ்வீட்லின் அந்நேரத்தில் வந்தாள். மருத்துவமனையில் செவிலியாக வேலை பார்க்கிறவள், எதைக் கண்டாலும் சிரிக்கிறவள்.

"என்ன பெரியம்மா, வீட்டுக்குள்ள மழையா?"

"வெளிச்சம் பட்டாச் சுருள் கெட்டுப் போவும்ட்டி. பைய கதவச் சாத்து."

"இதுல சுருளே கிடையாது பெரியம்மா. இந்தா, நகத்தளவு அட்ட. வெயில்ல காயப் போட்டாலும் ஒண்ணும் ஆவாது."

"அப்பம் எவ்வளவு நேரம் பிடிக்கும்?"

"நீங்க சலிக்க மட்டும் பிடிக்கும்."

நான் சலிப்பதற்கு அதிக நாள் ஆகவில்லை. பழைய சுருள் நான்கு நிமிடத்தில் தீர்ந்துபோகும். பிடித்ததைப் பம்பாய்க்கு அனுப்பி, அங்கிருந்து அது திரும்பி வரும் வரையில் இந்த வீட்டில் ஒரு மசக்கைக்காரி இருப்பதைப் போன்றதொரு கவனமும் அமைதியும் நிலவும். தபால்காரரை வாசலிலேயே மறிப்போம். ஆதலால் எதைப் பிடிப்பது என்று முடிவுசெய்ய முந்தின நாள் இரவுச் சாப்பாட்டின் போதே ஆலோசனை நடக்கும். தங்கள் தகப்பனார், அதாவது என் மாமனார், புதுச் சட்டை போட்டுக்கொண்டு முற்றத்தில் வந்து நின்ற நாளைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அவர் போட்டோவுக்கு நிற்பது போல விறைத்து நின்றார். பின்னால் வாழையிலை அசைந்தது, ஆடு அசை போட்டது, மாமா மட்டும் அசையவில்லை. "எப்பா, நடங்கப்பா, இது ஓடுத படம்" என்று தங்கள் தமையனார் கத்த, "நடந்தாக் கலங்கிருமேலே" என்று மாமா உதட்டை அசைக்காமலே விடை சொன்னார். இன்றைக்கும் அந்தத் துண்டைப் போட்டால், வந்தவர்கள் முதலில் அந்த ஆட்டைத்தான் பார்க்கிறார்கள். ஆனாலும் மாமா கண் சிமிட்டுகிறார். ஒரே ஒரு முறை. அந்தச் சிமிட்டலுக்காக ஆண்டுதோறும் எல்லாரும் காத்திருப்போம். அளவோடு பிடித்ததால் அல்லவா அதைக் கண்டுபிடித்தோம்.

புதிய கருவியில் அளவு என்பதே இல்லை. பழகிப் பார்க்கலாம் என்று அம்பாசமுத்திரத்துக்குப் பேருந்தில் போனபோது, சன்னலோரம் அமர்ந்து அதை ஓடவிட்டேன். ஆறு ஒளிந்து ஒளிந்து கூடவே வந்தது, நெல் வயல் வந்தது, மலை வந்தது, எனக்கு முன்னிருக்கையில் ஒருவருடைய பிடரி இடைவிடாமல் வந்தது. வீட்டுக்கு வந்து பார்க்க உட்கார்ந்தால், மறுபடியும் அம்பாசமுத்திரம் போய்ச் சேர அதே நேரம் ஆகிறது. இடையில் இறங்கித் தேநீர் குடிக்கவும் வழியில்லை. பார்த்து முடித்ததும் எனக்கு மெய்யாகவே இடுப்பு வலித்தது.

பழைய காமிரா தவறே செய்யாதது என்று நான் வாதிடவில்லை. தங்கள் திருமணமே அதற்குச் சாட்சி. முந்தின மாதம் நாங்குநேரியில் தேரோட்டத்தன்று பேருந்து நின்றுபோக, சும்மா இருப்பானேன் என்று வானமாமலைப் பெருமாளின் தேரைப் பிடித்த அதே பக்கத்தை, புரட்டியாயிற்று என்ற நினைவில் தங்கள் தமையனார் மறுபடியும் ஓட்டிவிட்டார். பம்பாயிலிருந்து வந்த சுருளில், தாங்களும் பியூலாவும் ஆலயப் படியில் கைகோத்து இறங்க, அவள் முக்காட்டின் மேலே தேர்ச்சக்கரம் உருண்டு வருகிறது. வடம் பிடித்த அத்தனை பேரும் தங்கள் கோட்டுக்குள்ளே புகுந்து தங்களையே இழுத்துக்கொண்டு போகிறார்கள். தாங்கள் இரண்டு நாள் அண்ணனோடு பேசவில்லை. "ரெண்டு கோயில் ஆசீர்வாதமும் ஒரே சுருள்ல கிடைச்சிருக்கு ஒனக்கு. எவனுக்கு வாய்க்கும்? சும்மா இரிலே" என்று தங்கள் அண்ணன் சொன்னதும் தாங்கள் சிரித்துவிட்டதும் எனக்கு நினைவிருக்கிறது. தவறு செய்தாலும் அந்தக் காமிரா யாரையும் அவமானப்படுத்தவில்லை. ஏனெனில் அதற்குக் காது கிடையாது. நான் சொல்ல வந்த தலையாய குறையும் இதுவே.

இந்த வீட்டில் காமிராவுக்குப் பின்னால் நிற்கிறவர் பேசிக்கொண்டேயிருப்பது வழக்கம். ஊமைப் படந்தானே, யார் கேட்கப் போகிறார்கள் என்ற துணிவில் தங்கள் தமையனார் திருமண்டலத்துச் சபைப் பெரியவர்களையே, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, வாயில் வந்தபடி ஏவுவார். "எம்மா, அந்தக் கொண்டயக் கொஞ்சம் தணியும்", "ஏ தாடி, தள்ளி நில்லும் வே" என்பார். கேட்டவர்களும் காமிராவுக்குப் பின்னாலிருந்து வரும் குரலைக் காற்றோடு விட்டுவிடுவார்கள். சுருளில் பார்க்கும்போது எல்லாரும் தேவதூதர்களைப் போல அமைதியாக நடமாடுவார்கள். இத்தனை ஆண்டு தங்கள் தமையனாரின் அருகே குடை பிடித்து நின்ற எனக்கு, காமிரா என்றால் பின்னாலிருந்து பேசலாம் என்பது, ஆலயம் என்றால் செருப்பைக் கழற்ற வேண்டும் என்பதைப் போல உறைந்துவிட்டது.

சென்ற மாதம் நம் ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகையின் அசனம் நடந்தது. சபையார் எல்லாரும், அழைக்கப்பட்டவரும் அழைக்கப்படாதவரும், வரிசையாகத் தரையில் அமர்ந்து சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் உண்கிற அந்தப் பொதுவிருந்தைப் பிடித்துத் தருமாறு பெண்கள் சங்கத்தார் என்னைக் கேட்டுக்கொண்டனர். அவ்வாறே பிடித்தேன். கறி வேகும் கிடாரங்களையும், கட்டிய ஓலைப் பந்தலையும், பந்தியையும், பாத்திரத்தோடு வந்து நின்றவர்களையும் ஒன்று விடாமல் பிடித்தேன். பிடிக்கும்போது, பழக்கத்தின்படி, பேசவும் பேசினேன்.

மறு ஞாயிறு ஆராதனை முடிந்து, சங்க அறையில் பெரிய தொலைக்காட்சிப் பெட்டியில் அதைப் போட்டார்கள். குருவானவர் முன் வரிசையில் இருந்தார். அவர் துணைவியார், நாமெல்லாம் ஐயரம்மா என்று மரியாதையாக அழைக்கிறவர்கள், அருகில் இருந்தார்கள். கறி பரிமாறும் பொறுப்பைப் பல காலமாகக் கையில் வைத்திருக்கும் ஞானசிகாமணி அண்ணாச்சி, தம் முகம் எப்போது வரும் என்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு காத்திருந்தார். விளக்கை அணைத்தார்கள். திரையில் ஆலயம் வந்தது. கூடவே என் குரலும் வந்தது.

"ஐயரம்மா, கொஞ்சம் நவுருங்க தாயி. நீங்க நின்னாக் கோபுரமே மறையுது."

அந்த இடத்திலேயே நான் எழுந்து நிறுத்தியிருக்கலாம். ஆனால் எங்கிருந்து இந்தக் குரல் வருகிறது என்பதே எனக்கு முதலில் விளங்கவில்லை. எனக்குப் பின்னால் யாரோ என்னைப் போலப் பேசுகிறார்கள் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அதற்குள் பந்தி வந்துவிட்டது.

"ஞானசிகாமணி அண்ணாச்சி கரண்டியப் பாரு. சொந்தக்காரன் எலைக்கு வந்தா முங்கி அடியில போவுது. மத்தவன் எலைக்கு வந்தா மேலால நீந்துது. நீச்சல் படிச்ச கரண்டி."

திரையில் அண்ணாச்சியின் கரண்டி, நான் சொன்னதை மெய்ப்பிக்கவே வந்தது போல, அவருடைய மைத்துனர் இலைக்கு முன் கிடாரத்தின் அடிவரை போய், கனத்த கறியோடு எழுந்துவந்தது. அடுத்த இலையில் குழம்பு மட்டும் விழுந்தது. அந்த இலைக்கு உரியவர் அறையில் எனக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தார். "அன்னைக்கே நெனச்சேன்" என்றார் அவர்.

அதன்பின் நிகழ்ந்தவற்றை விரித்துரைக்க என் எழுதுகோல் நாணுகிறது. அண்ணாச்சி எழுந்து நின்று, "வாற வருசம் கரண்டிய சாரம்மாவே பிடிக்கட்டும். நான் எல எடுக்கேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார். ஐயரம்மா, அந்தப் பெருந்தன்மை எவருக்கு வரும், வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்து, "எங்க வீட்டுலயும் நான் நின்னா மறைக்குதுன்னுதான் சொல்லுதாவ" என்றார்கள். குருவானவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பின்வாசல் வழியாக வந்துவிட்டேன். அன்று மாலைக்குள் ஊரில் பாதிப்பேர் ஸ்வீட்லினிடம் அந்தப் படத்தைக் கேட்டு வாங்கிவிட்டார்கள். சபையின் வரலாற்றில் இத்தனை பேர் இவ்வளவு ஆர்வத்தோடு பார்த்த அசனம் வேறில்லை என்று அறிகிறேன். தாங்கள் அன்போடு அனுப்பிய பொருள் எனக்கு ஈட்டித் தந்த புகழ் இத்தகையது.

மறுநாள் மன்னிப்புக் கேட்பதற்குரிய வாசகத்தை மனத்துக்குள் நான்கு பத்தியாக அமைத்துக்கொண்டு அண்ணாச்சி வீட்டுக்குப் புறப்பட்டேன். தெருமுனையில் அவரே எதிரே வந்துகொண்டிருந்தார். முதல் பத்தியைத் தொடங்கினேன். அவர் கையமர்த்தினார்.

"விடு தாயி. கரண்டி முங்குனது உள்ளதுதான். நான் வந்தது வேற சோலியா."

"என்ன அண்ணாச்சி?"

"நேத்து நீ பேசுனதக் கேட்டுட்டு வீட்டுக்குப் போனம்லா, கோவத்துல சோறு எறங்கல. அப்புறம்தான் தோணிச்சி. சவம், இது எலியேசர் சாரு ஏசுன மாதிரில்லா இருக்கு. அவருதான காமிராவுக்குப் பொறத்தால நின்னுக்கிட்டு என்ன ‘ஏ கரண்டி’ன்னு கூப்புடுவாரு. அந்தச் சத்தம் எதுலயும் பதிஞ்சி கெடக்கா? இருந்தா ஒருக்கப் போடேன். கேட்டுட்டுப் போறேன்."

கொழுந்தனாரே, நான் அங்கேயே நின்றேன். இத்தனை சுருள் இருக்கிறது. மாமாவின் கண் சிமிட்டல் இருக்கிறது, தங்கள் தாயார், அதாவது என் அத்தை, அடுப்பூதுவது இருக்கிறது, தாங்கள் அரைக்கால் சட்டையோடு பாபநாசத்தில் வழுக்கி விழுவது இருக்கிறது, தேர் இருக்கிறது, ஆடு இருக்கிறது. எல்லாவற்றையும் பிடித்தவர் மட்டும் ஒன்றிலும் இல்லை. காமிராவைக் கையில் வைத்திருந்ததால் உருவம் இல்லை. அதற்குக் காது இல்லாததால் குரலும் இல்லை. பிற்காலத்தில் கைபேசி வாங்கிக் கொடுத்தும் அதில் "ம்" என்பதற்கு மேல் அவர்கள் பேசியதில்லை என்பதைத் தாங்களே அறிவீர்கள். அண்ணாச்சியிடம், "தேடிப் பார்த்துச் சொல்லுதேன்" என்றேன். தேட ஒன்றுமில்லை என்பது அப்போதே எனக்குத் தெரியும்.

இத்தனை காலமும் அவை ஊமைப் படங்கள் என்றே நான் எண்ணியதில்லை. புத்தாண்டு மாலையில் கூடத்துச் சுவரில் எட்டு முழ வேட்டியை விறைப்பாகக் கட்டி, விளக்கை அணைத்து, புரொஜக்டரை ஓடவிட்டால், அதற்குப் பின்னால் நின்றுகொண்டு தங்கள் தமையனார் படத்திலுள்ள அத்தனை பேருக்கும் பேசுவார்கள். மாமாவுக்கு ஒரு குரல், அத்தைக்கு ஒரு குரல், ஆட்டுக்கு ஒரு குரல். தேர் வரும்போது, வடம் பிடிப்பவர்களின் சார்பில், "மாப்பிள்ளைய இழுங்கவே, ஓடிரப் போறான்" என்பார்கள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆயினும் அந்த ஒரு மாலையில் இந்த வீட்டில் கால் வைக்க இடமிருந்ததில்லை. தங்கள் தமையனார் போனபின் வந்த முதல் புத்தாண்டில் நான் படம் போடவில்லை. சென்ற புத்தாண்டில் போட்டேன். வேட்டி கட்டினேன், விளக்கை அணைத்தேன். மாமா கண் சிமிட்டினார், தாங்கள் வழுக்கி விழுந்தீர்கள், புரொஜக்டர் மட்டும் கடகடவென்று பேசிக்கொண்டிருந்தது. வந்திருந்த பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கைபேசியை எடுத்துக்கொண்டார்கள். ஸ்வீட்லின்கூடச் சிரிக்கவில்லை. பாதியில் நிறுத்திவிட்டு எல்லாருக்கும் முறுக்கு கொடுத்தேன்.

நான் பேசிப் பார்க்கலாமே என்று தாங்கள் கேட்கக்கூடும். பார்த்தேன். எனக்கு வருவது சங்க அறிக்கையின் நடை. "அன்னார் இப்போது அடுப்பினை ஊதுகின்றார்" என்று தொடங்கினேன். அத்தைக்கே அது பொறுத்திருக்காது.

இவ்விடத்தில் ஓர் உண்மையைப் பதிவுசெய்ய வேண்டியிருக்கிறது. தங்கள் குரல் தங்கள் தமையனாருடைய குரலேதான். அதே கனம், அதே இழுப்பு, சொல்லின் முடிவில் அதே சிறு இருமல். மின்கட்டணத்தைக் குறித்து ஐயம் கேட்பதற்காக நான் மாதந்தோறும் தங்களைத் தொலைபேசியில் அழைப்பது தாங்கள் அறிந்ததே. எனக்கு மின்கட்டணத்தில் எவ்வித ஐயமும் இல்லை. அட்டையைப் படிக்கவும், கணக்கைச் சரிபார்க்கவும் எனக்கு நன்றாகத் தெரியும்.

ஆகவே, எதிர்வரும் புத்தாண்டு மாலையில் தங்களுக்கு வேறு அலுவல் ஏதும் இல்லையாயின், தென் மாவட்டங்களுக்குப் பயணம் மேற்கொள்ள வேண்டிய பிற காரணமும் அமையுமாயின், அவ்வழியில் இவ்வில்லம் அமைந்திருப்பதைத் தாங்கள் கருத்தில் கொள்வதற்கு என் தரப்பில் ஆட்சேபம் ஏதும் எழாது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். புரொஜக்டருக்குப் பின்னால் நிற்பதற்கு இடமுண்டு. குரலைக் கருவியில் பதிந்து தபாலில் அனுப்பிவிடலாம் என்று மட்டும் எண்ண வேண்டாம். பொருள்கள் இங்கு போதுமான அளவு வந்துவிட்டன. காமிராவை, அதன் மின்கம்பி, சிறு அட்டை, தமிழ் நீங்கலான பல மொழிகளில் எழுதப்பட்ட வழிகாட்டிப் புத்தகம் ஆகியவற்றோடு சேர்த்துத் தைத்துவிட்டேன். பெற்றுக்கொண்டமைக்கு ஒரு வரி எழுதுக.

தங்கள் இரத்த அழுத்தம் தணிந்திருக்கவும், பியூலாவின் கைப்பக்குவம் குன்றாதிருக்கவும், தங்கள் பிள்ளைகள் தூர தேசங்களில் தமிழை முற்றும் மறவாதிருக்கவும், தாம்பரத்துக் குழாயில் தண்ணீர் காலையிலேயே வரவும் ஆண்டவர் அருள்கூர்வாராக. பியூலாவுக்கு என் அன்பின் முத்தங்களும், கறிவேப்பிலைக்கு என் விசாரிப்பும் உரித்தாகுக.

இங்ஙனம்,
தங்கள் நலம் நாடும் மதினி,
சாரம்மாள் எலியேசர்

பின்குறிப்பு: காமிரா இம்மடலோடு வரவில்லை. தையலைப் பிரித்துவிட்டேன்.

உறையைத் தபால் நிலையத்துக்கு எடுத்துப்போக வந்த ஸ்வீட்லின், "உள்ள என்ன கெடக்குன்னு பாக்காம அனுப்பாதீங்க பெரியம்மா, பொறவு தாம்பரம் வரைக்கும் நாறிரும்" என்று எச்சரித்தாள். ஆகவே காமிராவிலிருந்த படங்களை அடியிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். எனக்கு முந்தியே அதில் ஒரு படம் இருந்திருக்கிறது. தாங்கள் கடையிலிருந்து வாங்கி வந்த அன்று, ஓடுகிறதா என்று பார்த்தது போலும். தண்ணீர்ச் செம்பும், மேசை விரிப்பும், பியூலாவின் முழங்கையும் தெரிகின்றன. தாங்கள் தெரியவில்லை. பின்னால் நிற்கிறீர்கள். இந்த வீட்டில் வளர்ந்தவராதலால், காமிராவுக்குக் காது உண்டு என்ற நினைவு தங்களுக்கும் இல்லை.

"ஏ பியூலா, செவப்பு லைட்டு எரியுதா?"

"எரியுது, எரியுது. மதினிக்கு இது எதுக்கு? அவிய பாட்டுக்கு வேட்டியக் கட்டிப் படம் பாத்துக்கிட்டு இருக்காவ."

"இருந்து பாரு. இது போயிச் சேரவும் நாலு பக்கத்துக்குக் குறை எழுதுவாவ. சாவி இல்லம்பாவ. தாங்கள் தாங்கள்னு என்னையக் கலெக்டர் ஆக்கிருவாவ. ஆத்துல தண்ணி போறத எழுதுவாவ, அசனத்துல கறி வெந்ததா இல்லையான்னு எழுதுவாவ. ‘வாய்யா’ன்னு ஒரு வார்த்த எழுத மாட்டாவ."

"நீங்களாப் போனா என்ன? ஒங்க வீடுதான?"

"அண்ணன் இருந்த மட்டும் என் வீடு. இப்பம் நான் போயிக் கதவத் தட்ட, அவிய தொறந்து ‘தங்கள் வருகைக்கு நன்றி’ன்னு சொல்லிட்டா நான் என்னட்டி செய்வேன்? மாசா மாசம் கரண்ட் பில்லு கேக்க போன் போடுதாவ. கேட்டுட்டுப் பேசாம இருக்காவ. நாந்தான் பேசிக்கிட்டே கெடக்கேன். ஒருக்கக் கூப்புட்டா மறுநாளே வண்டி ஏறிருவேன்."

பிறகு அந்த இருமல். பிறகு செம்பு மட்டும் கொஞ்ச நேரம் தெரிகிறது.

ஸ்வீட்லின் சிரிக்காமல் எழுந்து போய், ஞானசிகாமணி அண்ணாச்சியை அழைத்து வந்தாள். அவர் உட்கார்ந்து முழுவதும் கேட்டார். "சாரேதான்" என்றார். இன்னொரு முறை போடச் சொன்னார்.

ஆதலால் மேலே இக்கருவியைப் பற்றி நான் எழுதிய குறைகள் அனைத்தையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். தாங்கள் கருத்தில் கொள்வது குறித்தும், ஆட்சேபம் குறித்தும், வழியில் அமைந்திருப்பது குறித்தும் நான் அமைத்த அந்த நீண்ட வாக்கியத்தை அடித்துவிடலாம் என்று எழுதுகோலை எடுத்தேன். நல்ல வாக்கியம், மனம் வரவில்லை, அங்கேயே கிடக்கட்டும். அதைப் படிக்க வேண்டாம். இதை மட்டும் படித்தால் போதும்.

வாய்யா, ஜாபேஸ். பியூலாவையும் கூட்டிக்கிட்டு வந்திரு.